நோயாளரிடம் மெய் கூறலாமா?

புற்றுநோய் கண்டிருக்கிறது என்னும் செய்தியை மருத்துவர் முதன்முதல் யாரிடம் கூறுகிறார்? நம் நாட்டில் பெரும்பாலும் நோயாளரிடம் அன்று. அவரை வெளியே பலகையில் அமரச் செய்துவிட்டு, மூத்த மகனையோ கணவரையோ மருமகனையோ உள்ளே அழைத்துக் கூறுகிறார். உள்ளே சென்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஒன்றுமில்லை அம்மா, சிறு புண்தான், மருந்தில் ஆறிவிடும்" என்கிறார். அந்தக் கணம் தொடங்கி அவ்வீட்டில் இரண்டு துன்பங்கள் குடிபுகுகின்றன. ஒன்று உடலில் உள்ளது. மற்றொன்று ஒருவர்முன் ஒருவர் நடிக்கும் நடிப்பு.

இந்நடிப்பு தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா. இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்குப் புற்றுநோய் புதிதாகக் கண்டது என்றும், ஏறத்தாழ 9 இலட்சம் பேர் அதனால் இறந்தனர் என்றும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தார் மதிப்பிட்டிருக்கின்றனர். அத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் கதவருகே நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியிருக்கிறார். பொய் கூறாமையைச் சீலமாக ஏற்றுக்கொண்ட நம் குடும்பங்களில் அத்தயக்கம் இருமடங்காகிறது. சொன்னால் தாய் உள்ளம் உடைவாள். சொல்லாவிடில் சீலம் உடையும். இரண்டில் எதனை உடைப்பது என்று கேட்கின்றனர்.

மறைப்பவரை நாம் கொடியவர் என்று கூறோம். அவர்கள் அன்பினால் மறைக்கின்றனர். கேட்ட மாத்திரத்தில் நோயாளர் சோற்றை வெறுப்பார், உறக்கத்தை இழப்பார், நோய் கொல்லுமுன் அச்சமே கொன்றுவிடும் என்று உண்மையாகவே நம்புகின்றனர். நோயின் பெயரும் அவ்வச்சத்திற்குத் துணை நிற்கிறது. கறையான் மண்ணை அரித்தெடுத்துத் தன் கூட்டை எழுப்புவதுபோல் உடலுக்குள் ஏதோ ஒன்று அரித்து வளர்கிறது என்னும் எண்ணத்தைப் 'புற்று' என்னும் சொல்லே எழுப்பிவிடுகிறது. மேல்நாட்டார் அதனை நண்டு என்றனர். எந்த மொழியிலும் அந்நோய்க்கு இனிய பெயர் வாய்க்கவில்லை.

மறைத்தல் நம் பண்பாடு என்றும், வெளிப்படையாகச் சொல்லுதல் மேல்நாட்டார் வழக்கம் என்றும் சிலர் கூறுவர். இது வரலாறு அறியாத கூற்று. 1961இல் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களைக் கேட்டபோது, 100க்கு ஏறத்தாழ 90 பேர் நோயாளரிடம் புற்றுநோய் என்று கூறுவதில்லை என்றனர். 1979இல் வெளிவந்த அத்தகைய மற்றொரு கணக்கெடுப்பில் 100க்கு 97 பேர் கூறுவதே தம் வழக்கம் என்றனர். இருபது ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் பண்பாடு தலைகீழாக மாறிற்றா? இல்லை. மருத்துவம் வளர்ந்தது, நோயாளரின் ஒப்புதல் இன்றிச் சிகிச்சை செய்யலாகாது என்னும் எண்ணமும் வலுத்தது. முன்பு வழக்கமாயிருந்தது வழக்கொழிந்தது, அவ்வளவே.

பௌத்தம் வேரூன்றிய சப்பானிலும் மறைத்தலே நெடுங்காலம் நெறியாக இருந்தது. அந்நாட்டுப் பேரரசர் இரோஹிட்டோ 1989 சனவரி 7ஆம் நாள் மறைந்தார். சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் அவருக்குப் புற்றுநோய் இருந்ததை அவரிடமே கூறவில்லை. மக்களுக்கும் அவர் இறந்த பின்னரே தெரிவித்தனர். அதற்கு நெடுநாள் முன்னரே, 1952இல், அகிரா குரோசாவா என்னும் இயக்குநர் 'இகிரு' என்னும் திரைப்படத்தில் இவ்வழக்கத்தை நன்றாகக் காட்டியிருக்கிறார். மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருக்கும் முதியவரிடம் மற்றொரு நோயாளர் வலியச் சென்று பேசுகிறார். வயிற்றில் புற்றுநோய் கண்டால் மருத்துவர் அதனை எவ்வெச் சொற்களால் மூடி மறைப்பார் என்பதை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பிறகு முதியவர் உள்ளே செல்கிறார். மருத்துவர் வாயிலிருந்து அச்சொற்களே வருகின்றன. முதியவர் யாவற்றையும் உணர்ந்துகொள்கிறார்.

நாம் இங்கே நிறுத்தி, மறைப்பவர் பலரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளாத ஒரு வினாவைக் கேட்போம். நாம் சொல்லாவிட்டால் நோயாளர் அறியாமலா இருக்கிறார்? தமிழ்நாட்டில் ஒருவரை 'அடையாறுக்கு' எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் அதன் பொருள் சிறு பிள்ளைக்கும் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் அங்கே தோன்றிய புற்றுநோய் நிலையம் அவ்வூர்ப் பெயரையே நோயின் மறுபெயராக்கிவிட்டது. கோலார் தங்கவயலில் வாழும் நம்மவர்க்கும் பெங்களூரில் வாழும் நம்மவர்க்கும் 'கிட்வாய்' என்னும் பெயர் அத்தகையது. பம்பாயில் 1941இல் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையும் அங்ஙனமே. ஆட்டோ ஓட்டுநர்க்குத் தெரிகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்க்குத் தெரிகிறது. 'கரண்ட்' வைக்கும் அறையின் முன் வரிசையில் நிற்கும் அனைவர்க்கும் தெரிகிறது. நோயாளர் ஒருவர்க்கு மட்டும் தெரியாது என்று குடும்பத்தார் நம்புகின்றனர்.

அவர்க்குத் தெரியும். ஆனால் தமக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளிடம் காட்டிக்கொள்ள மாட்டார். காட்டினால் அவர்கள் வருந்துவர். பிள்ளைகளும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். காட்டினால் அவர் வருந்துவார். தாயும் மகளும் ஒரே அறையில் படுத்து, ஒருவர் உறங்கும்வரை மற்றவர் காத்திருந்து, பின்னர்த் தனித்தனியே அழுகின்றனர். இவ்வாறு மறைத்தலின் முதற் பயன், நோயாளரை நோயோடு தனித்து விட்டுவிடுவதே ஆகிறது.

நிற்க. இரண்டாவது பயன் உடலைச் சார்ந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை ஒருநாள் ஊசியோடு முடிவதன்று. கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிரியக்கச் சிகிச்சை என்றால் வாரம் ஐந்து நாளாக ஐந்தாறு வாரங்கள் செல்லவேண்டும். பின்னர் உள்ளே கருவி வைத்துச் செய்யும் சிகிச்சையும் உண்டு. கீமோ எனப்படும் மருந்தேற்றம் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனப் பல மாதங்கள் நீளும். தலைமுடி கொட்டும், வாய் புண்ணாகும், வாந்தி வரும். வாய்ப்புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர் தாடை இறுகாமலிருக்க நாள்தோறும் வாயைத் திறந்து பயிற்சி செய்யவேண்டும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் வலிமை எங்கிருந்து வரும்? இன்ன நோய், இன்ன நிலையில் இருக்கிறது, இச்சிகிச்சையால் இன்ன பயன் உண்டு என்று தெரிந்தால் வரும். "சத்து ஊசி" என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட பெண்மணி, இரண்டாவது ஊசிக்குப் பின் முடி கற்றை கற்றையாகக் கையோடு வந்ததும், "இந்தச் சத்து எனக்கு வேண்டாம்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் அவரைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? சிறு கட்டியாக இருந்து, முழுதும் குணமாகியிருக்கக்கூடிய நோயும் இவ்வாறு நடுவழியில் விடப்படுவதால் முற்றிப்போகிறது.

கத்தி பட்டால் நோய் பரவும், சதையை எடுத்துச் சோதித்தால் கட்டி சீறும் என்னும் நம்பிக்கைகளும் இருளிலேயே வளர்கின்றன. சதைப் பரிசோதனை செய்யாமல் நோய் இன்னதென்று உறுதிப்படுத்தல் பெரும்பாலும் இயலாது. உறுதிப்படுத்தாமல் சரியான மருந்தைத் தேர்தலும் இயலாது. அச்சோதனையால் நோய் பரவுகிறது என்பதற்கு வழங்கப்படும் சான்று, முற்றிய நிலையில் சென்றவர்கள் சோதனைக்குப் பின் இறந்தார்கள் என்பதே. தீப்பற்றிய வீட்டிற்கு வந்த தீயணைப்பு வண்டியே தீயை மூட்டியது என்பது போன்றது அது.

விநய பிடகத்து மகாவக்கத்தில் பகவன் புத்தர் நோயாளரைப் பற்றியும் அவரைப் பேணுவோரைப் பற்றியும் கூறியுள்ள பகுதியை நம் வாசகர் அறிவர். வயிற்றுக்கடுப்பால் தம் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையால் கழுவிக் கட்டிலில் கிடத்தினார். தம்மைப் பேண விரும்புவோர் நோயாளரைப் பேணுக என்று அப்போது அறிவுறுத்தினார். அவ்விடத்தில் நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒரு செய்தி உண்டு. பேணுதற்கு எளியவராகிய நோயாளரின் இயல்புகளை வகுத்துரைக்கையில், தம் நோய் கூடுகிறதா, குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை உள்ளது உள்ளபடி பேணுவோரிடம் தெரிவிப்பதும் அவற்றுள் ஒன்று என்கிறார். தம் நோயின் பெயரையே அறியாதவர் அதன் ஏற்றத்தாழ்வை எவ்வாறு எடுத்துரைப்பார்? புண் ஆறிவரும் என்று நம்பவைக்கப்பட்டவர், முதுகெலும்பில் புதிதாகத் தோன்றிய வலியை வாயுப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். நோயாளர் கடமையைச் செய்ய இயலாதபடி அவர் வாயை நாமே கட்டிவிடுகிறோம்.

ஈண்டு ஒருசாரார் எதிர்வாதம் செய்வர். அன்பினால் சொல்லும் பொய்க்குப் பௌத்த நூல்களிலேயே இடமுண்டு என்பர். தாமரைச் சூத்திரத்தில் வரும் மருத்துவத் தந்தையை எடுத்துக்காட்டுவர். நஞ்சுண்டு மதிமயங்கிய மக்கள் மருந்தை உண்ண மறுத்தபோது, அத்தந்தை வெளியூர் சென்று, தாம் இறந்துவிட்டதாகச் செய்தி அனுப்புகிறார். துயரத்தால் மயக்கம் தெளிந்த மக்கள் மருந்தை உண்டு பிழைக்கின்றனர். கதையின் உட்பொருளைப் பற்றி நாம் வாதிட வரவில்லை. ஆனால் அத்தந்தையின் சொல் மக்களை மருந்து உண்ணச் செய்தது. நம் வீடுகளில் சொல்லப்படும் பொய் மருந்தை நிறுத்தச் செய்கிறது. இரண்டையும் ஒரு தட்டில் நிறுத்தலாகாது.

கிசா கோதமியின் வரலாறும் எடுத்துக்காட்டப்படும். இறந்த குழந்தையைச் சுமந்து மருந்து கேட்டு வந்தவளிடம், குழந்தை இறந்துவிட்டது என்று பகவன் முகத்திலடித்தாற்போல் கூறவில்லையே, சாவு நேராத வீட்டில் கடுகு வாங்கி வா என்றுதானே அனுப்பினார் என்பர். உண்மை. குழந்தை பிழைக்கும் என்றும் அவர் கூறவில்லை. அவளே வீடுவீடாகச் சென்று, தன் கால்களால் நடந்து உண்மையை அடையும்படி செய்தார். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுத்தார். மெதுவாகச் சொல்லுதலும் பொய் சொல்லுதலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் அறியோம். அபயன் என்னும் அரசிளங்குமரனிடம் பகவன் நிகழ்த்திய உரையாடலிலும் இக்கருத்தே வருகிறது. குழந்தையின் வாயில் கல் சிக்கினால், குருதி வந்தாலும் விரலைவிட்டு எடுப்போம். அங்ஙனம் செய்வது இரக்கத்தால். உண்மையாகவும் நன்மை பயப்பதாகவும் உள்ள சொல், கேட்போர்க்கு இனியதாயினும் இன்னாததாயினும், அதனைக் கூறுதற்குரிய காலத்தை ததாகதர் அறிவார் என்பது அதன் கருத்து. கூறுவதா இல்லையா என்பதைவிட எப்போது, எவ்வாறு கூறுவது என்பதே அங்கு வினாவாகிறது.

அன்பு மட்டுமே மறைத்தலுக்குக் காரணமாயின் இவ்வளவோடு நிறுத்தலாம். நாணமும் ஒரு காரணம். வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால் பெண்ணைக் கொள்ள வருவார் தயங்குவர் என்றும், ஏதோ பழைய பாவம் என்று ஊரார் பேசுவர் என்றும் அஞ்சுகின்றனர். சிலர் நோயாளருக்குத் தட்டும் குவளையும் தனியே வைக்கின்றனர். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. நோயாளரோடு உண்பதாலும் உறங்குவதாலும் அது வாராது. தனிக் குவளையின் வரலாறு நம் மக்கள் அறியாததன்று. அதனை நம் வீட்டுக்குள்ளேயே நாம் கொண்டுவந்து வைத்தல் எவ்வளவு கொடிது!

முன்வினை என்னும் பேச்சை நாம் விட்டொழித்துப் பல்லாண்டுகள் ஆயின. ஆயினும் நோய் வந்த அன்று அது பின்வாசல் வழியே மீண்டும் நுழைந்துவிடுகிறது. மோலிய சீவகன் என்னும் துறவி, மாந்தர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையால் வருவனவே என்னும் கொள்கையைப் பற்றிக் கேட்டபோது, பகவன் அதனை மறுத்தார். பித்தத்தால் வருவதுண்டு, ஐயால் வருவதுண்டு, வளியால் வருவதுண்டு, இவை கூடி வருவதுண்டு, பருவமாற்றத்தால், ஒழுங்கற்ற நடைமுறையால், பிறர் தாக்குதலால் வருவதுண்டு, வினைப்பயனால் வருவதும் உண்டு என எண்வகை காட்டினார். எல்லாம் முன்வினை என்போர் உலகறிந்த உண்மையைத் தாண்டிச் செல்கின்றனர் என்றும் உரைத்தார். டாக்டர் அம்பேத்கர் 1957இல் வெளிவந்த தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இன்னும் ஒருபடி சென்று, முற்பிறப்பு வினை இப்பிறப்பைத் தீர்மானிக்கிறது என்னும் கொள்கையையே ஏற்க மறுத்தார்.

இன்றைய மருத்துவம் அறிந்த காரணங்களைப் பாருங்கள். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுகளுக்குப் புகையிலை பெருங்காரணம். பீடியும் அதில் அடங்கும், வெற்றிலையோடு அடக்கும் புகையிலையும் அடங்கும், பாக்குத் தனியாகவே அடங்கும். கருப்பை வாய்ப் புற்று ஏறக்குறைய முழுதும் ஒரு வைரசினால் வருவது. அதற்குத் தடுப்பூசி உண்டு. சுரங்கத்திலும் கல்லுடைக்கும் இடத்திலும் பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரல் புற்றை விளைப்பது என்று 1997இலேயே உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திவிட்டது. பூமிக்கடியில் முப்பது ஆண்டு பாறைத் தூசை மூச்சாக இழுத்தவருக்கு எந்தப் பிறவிப் பாவத்தைக் கற்பிப்பது? அவருக்குக் கூலி கொடுத்தவர்களின் கணக்கைப் பார்த்தால் போதாதா? பலருக்கு எக்காரணமும் புலப்படுவதில்லை; உயிரணு பிளந்து பெருகும்போது நேரும் பிழையே நோயாகிறது. குற்றவாளி எவருமில்லாத நோய்க்கு நாணுவது எதற்கு?

நாணத்தால் மறைக்கும்போது நோயாளரிடமிருந்து மட்டும் மறைப்பதில்லை, அடுத்த தலைமுறையிடமிருந்தும் மறைத்துவிடுகிறோம். தாய்க்கும் தாயின் தங்கைக்கும் மார்பில் புற்று இருந்தது என்று அறிந்த மகள் தன் உடலை விழிப்போடு பார்ப்பாள். 'அம்மா வயிற்று நோவால் போனாள்' என்று கேட்டு வளர்ந்தவள், வலியில்லாத சிறு கட்டியை வலியில்லை என்பதாலேயே பொருட்படுத்த மாட்டாள். தொடக்கத்தில் மார்பகக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே அதன் வஞ்சகம்.

தொடக்கத்தில் கண்டுபிடிக்கப் பெரும்பொருள் வேண்டுமோ எனின், எப்போதும் வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில், பயிற்சி பெற்ற செவிலியர், சமையற்கட்டில் உள்ள வினிகரைப் போன்ற நீர்த்த அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெளுத்துக் காட்டும் இடத்தை வெறுங்கண்ணால் பார்த்து, வேண்டியவர்க்கு உடனே சிகிச்சை அளித்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, அச்சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்நோயால் நேர்ந்த சாவு, அழைக்கப்படாத ஊர்களைவிட 100க்கு 35 குறைந்தது. பம்பாயின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களிடையே டாட்டா நினைவு மருத்துவமனையார் நடத்திய ஆய்விலும் இதே சோதனையால் 12 ஆண்டுகளில் சாவு 100க்கு 31 குறைந்தது கண்டனர். அங்கே சோதனை செய்தவர் பத்தாம் வகுப்புப் படித்துச் சில வாரம் பயிற்சி பெற்ற பெண்கள். அதே நகரில், இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டு மார்பகத்தைப் பரிசோதித்ததனால், 50 வயதும் அதற்கு மேலும் உடைய பெண்களிடையே மார்பகப் புற்றுச் சாவு 100க்கு 30 அளவு குறைந்தது என்று 2021இல் வெளியிட்டனர். மாதவிலக்கு நின்ற பின் மீண்டும் குருதி காணல், மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வாயை முழுதும் திறக்க இயலாமை, மார்பில் கட்டி, விழுங்குவதில் தடை, நீங்காத குரற்கம்மல் ஆகியவற்றைப் பேச நாணாத வீட்டில்தான் இச்சோதனைகள் பயன் தரும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும், இது நம் அன்பர்கட்கே உரியது. 'இவர்களுக்கு இதெல்லாம் தெரியவேண்டா, தெரிந்தால் தாங்கமாட்டார்கள், அறிந்த நாங்கள் இவர்கள் நன்மையைப் பார்த்துக்கொள்கிறோம்' என்னும் மொழி நமக்குப் புதியதா? நூற்றாண்டுகளாக நம் முன்னோர்க்குக் கூறப்பட்ட மொழி அது. அறிவு ஒருவர்க்கு உரியது, ஒருவர்க்கு உரியதன்று என்னும் கொள்கையை உதறியே நாம் இவ்வறத்தை ஏற்றோம். அம்மொழியையே நம் தாய்மார்க்கு, நம் படிக்காத தந்தையர்க்கு நாம் திருப்பிச் சொல்லலாமா? நாம் கண்டவரையில், நோயாளர் ஆண்மகனாயின் அவரிடம் சொல்வதற்கு ஓரளவேனும் துணிகின்றனர். பெண்ணாயின் கணவரும் மகனும் அறிந்தால் போதும் என்று விட்டுவிடுகின்றனர். உடல் அவருடையது, அறுக்கப்படுவது அவருடைய மார்பு, முடிவு செய்பவர் மட்டும் வேறொருவர்.

சட்டமும் இதனை ஒப்பவில்லை. 2008இல் நம் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், வயது வந்த பெண்ணொருவர் சோதனைக்காக மயக்க மருந்தில் இருக்கையில், வெளியே இருந்த தாயின் ஒப்புதலை மட்டும் பெற்று அவர் கருப்பையை அகற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி இடர் இல்லாதபோது, நோயும் சிகிச்சையும் மாற்றுவழிகளும் இடர்களும் இன்னவென்று நோயாளர்க்கே விளக்கி அவர் ஒப்புதலையே பெறவேண்டும் என்பது அதன் சாரம். கையொப்பம் மகனுடையதாக இருப்பின் எளிது என்று எண்ணும் மருத்துவமனைகள் இன்னும் உள. மருத்துவர்க்கும் நேரமில்லை, வெளியே ஐம்பது பேர் நிற்கின்றனர். எனவே வீட்டார்தாம் அவரிடம், "அம்மாவும் உள்ளே வரட்டும்" என்று கூறவேண்டியிருக்கிறது.

அப்படியாயின் எப்படிச் சொல்வது? முதலில் சொல்லாமல் கேட்கவேண்டும். "உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள் அப்பா?" என்று கேட்டுவிட்டு வாளாவிருந்தால், பாதிக்கு மேல் அவரே சொல்லிவிடுவார். "பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று அடுத்துக் கேட்கலாம். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம்" என்பவரும் உளர். அவரை வலுக்கட்டாயமாக உட்காரவைத்துச் சொல்லுதல் அறமன்று. அறியாமலிருக்கத் தேர்வதும் அவருடைய உரிமை. மறைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே தேர்ந்தவர் அவர் என்பதே. பின்னொரு நாள் அவரே கேட்டால் அன்று பொய் சொல்லலாகாது.

கேட்க விரும்புபவர்க்கு ஒரே மூச்சில் யாவும் கூறவேண்டா. "கட்டி சாதாரணமானதன்று" என்று ஒருநாள். அவர் மேலும் கேட்டால் பெயர். அதனோடு செய்யக்கூடிய சிகிச்சை. பெயரைச் சொன்னவுடன் பத்து நிமிடம் அவர் காதில் வேறொன்றும் ஏறாது என்பதை நினைவிற்கொண்டு, மறுநாளும் அதனையே பொறுமையாகச் சொல்லவேண்டும். சொல்பவர் கட்டிலருகே அமர்ந்து சொல்லுக. வாயிற்படியில் நின்றுகொண்டு சொல்லற்க. வீட்டில் சிறுவர் இருப்பின் அவர்களையும் விலக்கி வைத்தல் தவறு. தான் சேட்டை செய்ததனால்தான் பாட்டிக்கு நோய் வந்தது என்று எண்ணிக்கொண்டு வாய்விடாமல் துன்புறும் குழந்தைகள் உண்டு.

நோய் முற்றி, குணமாகாது என்னும் நிலை வந்தபோது மறைக்கும் ஆவல் மிகவும் வலுக்கிறது. அப்போதுதான் மெய்யின் தேவையும் மிகுதி. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்குக் கொண்டுபோங்கள்" என்னும் சொல்லே ஒரு பொய். நோயை நீக்க இயலாதபோதும் வலியை நீக்க இயலும். மார்ஃபின் என்னும் மருந்தை மாத்திரையாகவோ நீர்மருந்தாகவோ வாய்வழி கொடுத்தே புற்றுநோயின் கடுவலியைப் பெரும்பாலோர்க்கு அடக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 1986லேயே அதற்கான படிமுறையை வெளியிட்டது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் மருத்துவமனைகளே அதனை வாங்க அஞ்சின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று எளிதாயிற்று. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அண்டை அயலாரையே தொண்டராகப் பயிற்றி, நோயாளர் வீட்டுக்கே செவிலியரை அனுப்பும் முறையாக வளர்ந்திருக்கிறது. வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி, தந்தையை இரவெல்லாம் கதறவிடும் வீடுகளை நினைத்து நாம் வருந்துகிறோம். மருத்துவர் அளவறிந்து கொடுக்கும்போது அவ்வச்சத்திற்கு இடம் அரிது. மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து கேட்டு வாங்கவேண்டும்.

பேணுவோரைப் பற்றியும் ஒரு சொல். கழிவையும் வாந்தியையும் அகற்ற அருவருப்புக் கொள்ளாமை பேணுவோர்க்குரிய இயல்புகளுள் ஒன்று என்று மகாவக்கம் கூறும். நம் வீடுகளில் அவ்வேலை முழுதும் ஒரு மருமகளின் தலையிலோ மணமாகாத மகளின் தலையிலோ விழுகிறது. மற்றவர் பழத்தோடு வந்து நலம் விசாரித்துச் செல்கின்றனர். மறைத்தலின் பாரமும் அவளுக்கே. நாளெல்லாம் முகத்தைச் சிரித்தபடி வைத்திருக்கவேண்டியவள் அவள்தான். நம் சங்கத்து இளைஞர் வாரம் ஓர் இரவேனும் அத்தகைய வீட்டில் விழித்திருக்க முன்வந்தால், அவள் அன்று உறங்குவாள்.

இறுதியில் நோயாளர் கேட்கும் வினா ஒன்று உண்டு: "எனக்கு இன்னும் எத்தனை நாள்?" இதற்கு எண்ணால் விடை கூறும் ஆற்றல் எந்த மருத்துவர்க்கும் இல்லை. நாள்கணக்கா, வாரக்கணக்கா, மாதக்கணக்கா என்ற அளவில் அவர் கூறக்கூடும். நூறு வயது இருப்பீர்கள் என்று சிரித்துத் தட்டிக்கழிப்பது, கதவைத் தட்டியவர் முகத்தில் கதவைச் சாத்துவதாகும். ஏன் கேட்கிறார் என்று முதலில் அறியவேண்டும். வீட்டுப் பத்திரம் எவர் பெயருக்கு என்பது அவர் மனத்தில் இருக்கலாம். பேசாமல் பிரிந்துபோன தம்பியைக் காணவேண்டும் என்றிருக்கலாம். தை மாதத்தில் நிச்சயித்த பேத்தியின் திருமணத்தை ஆவணிக்கே கொண்டுவர முடியுமா என்பதாகவும் இருக்கலாம். நாள்கோள் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்ட நமக்கு இதில் தடையொன்றுமில்லை. மருத்துவர் மாதக்கணக்கு என்றால், அன்று மாலையே மண்டபம் பேசிவரலாம்.